ராகு காலத்தில் பூ வைத்த டைம் கீப்பர்

ஊரில் எத்தனையோ முட்டாள்கள் இருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கைக்கடிகாரம் வைத்துக்கொண்டு, தன் கல்யாணத்துக்குப் பூ வைக்கிற சடங்கை சரியாக ராகு காலத்தில் நடத்தி வைத்த முட்டாள், அரியலூர் பெரம்பலூர் இரண்டு ஊரையும் சேர்த்துத் தேடினாலும் நான் ஒருவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்வார்கள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்காரர்கள் சேர்ந்து ஒரு டைம் ஆபீஸ் வைத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான், என் வாயில் ஒரு விசில். அவ்வளவுதான் ஆபீஸ். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து ஊத வேண்டியது என் வேலை. ஒரு வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று ஆள் ஏற்றினால், பின்னால் நிற்கிற வண்டியின் கண்டக்டர் பையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டுச் சண்டைக்கு இறங்கி வருவார். ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிற மனிதர்களுக்கு நடுவில் நான்தான் நீதிபதி. தலைக்கு மேலே சுவரில் ஒரு பேட்டரி கடிகாரம் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் ஊதுவேன். என் கையில் கட்டியிருப்பதைப் பார்த்து ஒரு வண்டியைக்கூட நான் அனுப்பியதில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அந்தப் புத்தியை ஆபீஸிலேயே பூட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன் என்பதுதான் சிக்கல்.

வீடு அரியலூரில். அப்பா இல்லை, நானும் அம்மாவும்தான். அரியலூர் சிமெண்ட் ஊர். வேப்ப இலையில் தூசி, கொடியில் காயும் துணியில் தூசி, குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸில் தூசி. கைக்கடிகாரத்துக்குள் மட்டும் போகாமல் இருக்குமா? ஆலையிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் கையில் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒரு வருஷம் ஓடினால் அது அவர்கள் பூர்வ ஜென்மப் புண்ணியம். நின்றுபோனதை ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ரிப்பேர் கடையில் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய் ஒரு பேட்டரி வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டு, கொடுத்ததையே மறந்துவிடுவார்கள். கடைக்காரர் அதையெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். தொண்ணூற்றைந்தில் வார் மாற்றப் போன நான் அந்த டின்னைப் பார்த்தேன். என் வாழ்க்கை திசைமாறியது அங்கேதான்.

முதலில் எடுத்தது டீக்கறை படிந்த மாதிரி முகம் மஞ்சளாகிப்போன ஒரு கடிகாரம். எண்களில் பச்சை ரேடியம். சாவி கொடுத்துக் காதில் வைத்தேன். சின்ன வயிற்றுக்குள் ஒரு பூச்சி ஓடுகிற மாதிரி சத்தம். “ஓடுதே!” என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அது பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் அதுக்கு இஷ்டமிருந்தால் ஓடும் என்றார். எனக்கு அந்தக் குணம் பிடித்துப்போயிற்று. நானும் அப்படித்தான் வேலை பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு மனுஷ முகமே மறந்துபோயிற்று. மணிக்கட்டுதான் கண்ணில் படும். டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக நீளும் ஒவ்வொரு கையையும் பார்ப்பேன். கண்டக்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன், வெள்ளை டயல், கறுப்பு டயல், கண்ணாடி கீறினது என்றுதான் எனக்கு அடையாளம். கல்யாணங்களுக்குத் தவறாமல் போவேன், சாப்பாட்டுக்காக இல்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வாட்ச் போடுவது வழக்கம். அந்தக் கல்யாண வாட்ச் ஆறு மாதம் கையில் இருக்கும், அப்புறம் பட்டுச்சேலையோடும் ரசகற்பூர உருண்டையோடும் பீரோவுக்குள் போய்விடும். ஆகவே பந்தியில் பக்கத்து இலைக்காரர் நாற்பது வயதைத் தாண்டியவராக இருந்தால், ரசம் ஊற்றுவதற்குள், “உங்க கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச் இப்ப எங்க இருக்குங்க?” என்று கேட்டுவிடுவேன். பாதிப்பேர் என்னை வருமானவரி ஆள் என்று நினைத்தார்கள். மீதிப்பேர் என்னிடம் பேட்டரி வாட்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு பழையதைத் தந்தார்கள்.

தினமும் காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பேன். கொடுத்து முடிப்பதற்குள் முதலில் கொடுத்தது நின்றிருக்கும். எந்த இரண்டும் ஒரே மணி காட்டாது. எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்றும் நடந்துகொண்டிருக்கும். அம்மா இவற்றில் எதையும் நம்பியதில்லை. ஆலைச் சங்கு ஊதினால் உலை வைப்பாள். அடுத்த சங்குக்கு இறக்குவாள். யாராவது வந்து என்னைப் பற்றி விசாரித்தால், செத்த வாட்ச் பொறுக்கப் போயிருக்கான் என்று பதில் வரும்.

கார்கள் வந்தது தனிக்கதை. லெப்பைக்குடிக்காட்டில் எனக்கு ஒரு கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தோற்றவர்கள் நாங்கள். அவன் பிழைப்புக்காகத் துபாய்க்குச் சபுர் போனான். முதல் லீவுக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டான். எல்லோரும் செண்ட், போர்வை, தைலம் என்று சொன்னார்கள். நான் டீக்கடை டிவியில் கார் ரேஸ் பார்த்துக் கெட்டுப்போயிருந்த நேரம். ரேஸ் கார் பொம்மை வேண்டும் என்றேன். விரல் நீளத்தில், இரும்பில், மேலே நம்பர் எழுதின ஒரு மஞ்சள் கார் கொண்டுவந்து கொடுத்தான். கடைக்காரன் பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டானாம். “முப்பது நெருங்குது மச்சான், இன்னும் பல்லு முளைக்கலன்னு சொன்னேன்” என்றான்.

அடுத்தடுத்த லீவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேர்ந்தன. நிறுத்திவைத்து அழகு பார்க்கிற ஆள் இல்லை நான். கார் என்றால் ஓட வேண்டும். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் நல்ல சரிவு இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, இங்கே ஆரம்பித்து, இப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு வளைவு, நடுவில் ஒரு மேடு, சிமெண்டில் வழவழவென்று போட்டுக்கொடுங்கள் என்றேன். அவர் சாக்கடை என்று நினைத்துக்கொண்டார். பாதி வேலையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, தண்ணி எப்படி மேட்டுல ஏறும்?”

“அது தண்ணிக்கு இல்லீங்க.”

“பின்ன எதுக்கு?”

சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, போகும்போது அம்மாவிடம், பையனுக்குக் காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் அவ்வளவு லேசில் வரவில்லை. தரகர் இரண்டு இடம் கொண்டுவந்தார். இரண்டு வீட்டிலும் ஆள் விட்டு விசாரித்தார்கள். விசாரிக்க வந்த ஆள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கிற நேரமாகப் பார்த்து நான் முருங்கை மரத்தடியில் மண்டிபோட்டு உட்கார்ந்து கார் பிடித்துக்கொண்டிருந்தேன். தரகர் ஒரு முடிவுக்கு வந்தார். வாட்ச் சேர்க்கிறவன் என்றால் வசதியான பொழுதுபோக்கு, வெளியே சொல்லலாம். கார் விளையாடுகிறவன் என்றால் சந்தேகப்படுவார்கள், வாயைத் திறக்கக்கூடாது. தாலி கட்டுகிற வரைக்கும் கார் இந்த வீட்டில் இல்லை என்று அம்மாவும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது இடம் செந்துறையில். அந்தப் பெண்ணுக்கும் அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டுகிறவர். பெண்ணுக்குப் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிற வேலை. வாரம் முழுக்க அங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை ஊருக்குப் போகும். பெண் பார்க்கப் போன அன்றைக்கு எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். அதாவது நானும் அம்மாவும். அந்தப் பெண் நிமிர்ந்துதான் வந்தது. காபியை நீட்டிக்கொண்டே, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது:

“உங்கள வாரா வாரம் பஸ் ஸ்டாண்டுல பாக்கறேன். நீங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டீங்க, கையத்தான் பாப்பீங்க.”

எனக்குக் காபி புரை ஏறியது. அது என் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இது ஓடுதா, சும்மாவா?” என்று வேறு கேட்டுவிட்டு உள்ளே போயிற்று. அவ்வளவுதான், எனக்கு வேறு இடமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. திரும்பி வரும்போது அம்மா, பொண்ணு நிறம் எப்படிடா, உயரம் எப்படிடா என்று கேட்டாள். ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் டிரங்குப் பெட்டியோடு நானும் துருப்பிடித்துப் போவேன் என்று மட்டும் தெரிந்தது.

அவர்களுக்கும் சம்மதம் என்று தரகர் வந்து சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண் தலையில் பூ வைத்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம் பிடித்துவிடும். அதற்குள் வைத்துவிட வேண்டும். எங்களுக்கு மூன்றரைக்கெல்லாம் செந்துறை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. நான் அன்றைக்கு என் பெட்டியிலேயே அழகான கடிகாரத்தை எடுத்துக் கட்டினேன். தங்க முலாம், தேன் நிறத்தில் டயல், நொடி முள்ளுக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். அதற்கு ஒரே ஒரு குணக்கேடு உண்டு. கை ஆடாமல் இருந்தால் நின்றுவிடும். கை ஆடினால் எதுவும் நடக்காத மாதிரி மறுபடி ஓடும். மேலதிகாரி வரும்போது மட்டும் எழுதுகிற மாதிரி பேனாவைத் தூக்கும் குமாஸ்தா இருக்கிறாரே, அதே ஜாதி.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பியில் கையைச் சார்த்திவைத்துக்கொண்டேன். எதற்கு? ரோட்டில் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கட்டும் என்று. கல்யாணக் களையில் கையை ஆட்டினால் சட்டை கசங்குமே என்று அசைக்கவே இல்லை. வழியில் ஒரு இடத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு லாரி பஞ்சராகி நின்றது, எங்கள் பஸ்ஸும் நின்றது. என் கடிகாரமும் துணைக்கு நின்றிருக்கிறது. செந்துறையில் இறங்கி, கும்பிடு போடக் கையைத் தூக்கினேன். அது மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது. யாரோ போய் பேட்டரி வாங்கிவரக் கிளம்பினார்கள். மாமன் தடுத்தார்.

“எதுக்குப்பா? மாப்ள பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. அவரு கையில கட்டியிருக்கிற வாட்ச்ச விடவா?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “மணி என்னாங்க மாப்ள?” என்றார்.

வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் மணி கேட்டதில்லை. நான் கையை நீட்டி, சட்டையை மேலே இழுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்து, நாலு அடிக்கப் போகிறது, நேரம் நிறைய இருக்கிறது, நிதானமாகச் செய்யலாம் என்றேன். நிதானமாகவே செய்தார்கள். சந்தனம், குங்குமம், வெற்றிலைத் தட்டு. அம்மா பூவைத் தலையில் வைத்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. இந்தத் தடவை நானும் முகத்தைத்தான் பார்த்தேன்.

அப்போது வாசலில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பாட்டு மாதிரி இழுத்து அடிக்கிற ஹாரன். அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட அது எந்த வண்டி என்று தெரியும்.

“நாலே முக்கா வண்டி போவுது,” என்றார் மாமன். “மாப்ள, உங்க வாட்ச்ல எவ்வளவு?”

பார்த்தேன். நாலு பத்து.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். என் தொழில் புத்தி விடவில்லை. வண்டிக்காரன் வேண்டுமென்றே முன்கூட்டி எடுத்துக்கொண்டு வருகிறான், கலெக்‌ஷனுக்காக, பர்மிட் நேரத்தை மதிப்பதே இல்லை, இவன் மேல் நாளைக்கே புகார் எழுதப் போகிறேன் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். கேட்டுக்கொண்டிருந்த மாமன் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எதிர் டீக்கடைக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்காரவில்லை. பூ வைத்தது ராகு காலத்தில்தான். என் கடிகாரம் மட்டும் ஒரு வெட்கமும் இல்லாமல் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மாமன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வீடு பார்க்கிற சடங்கு இன்னும் பாக்கியிருந்தது. முன்னாலேயே நடந்திருக்க வேண்டியது, அவருக்கு லோடு ஓயாமல் தள்ளிப்போயிருந்தது. “அடுத்த ஞாயிறு வூடு பாக்க வரேன்,” என்றார். “கை நனைக்கிறதா வேண்டாமான்னு அங்க வந்து பாத்துக்கலாம்.” எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகாமல் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். காபியும் தண்ணீரும் சேர்த்தியில்லை. சோறோ பலகாரமோ ஒரு வாய் உள்ளே போனால் போனதுதான், அதற்கப்புறம் மாற்றிப் பேச முடியாது. சாப்பிடாமல் எழுந்துபோனால் சொல்லாமலே சொல்லிவிட்டதாக அர்த்தம்.

அந்த வாரம் முழுக்க நான் ஊதிய விசிலில் காற்றே இல்லை என்று கண்டக்டர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமன் வந்தார். ஒற்றை ஆளாக. லீவில் வந்திருந்த என் துபாய் கூட்டாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். வீட்டில் கார் இருக்கிற பேச்சையே எடுக்கக்கூடாது என்று அவனிடம் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கார்கள் அரிசி டிரம்முக்குள் போயிருந்தன. டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில். மாமனை அதே கட்டிலில் உட்காரவைத்தோம். வழக்கப்படி காலையில் நான் சாவி கொடுத்துவைத்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மாமன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கட்டிலில் வண்டு குடைகிறது போலிருக்கிறது, மருந்து அடியுங்கள் என்றார்.

அம்மா தட்டு நிறைய உளுந்து வடையும் கேசரியும் கொண்டுவந்து வைத்தாள். மாமன் கைகளைக் கட்டிக்கொண்டார். அம்மா சொல்லிப் பார்த்தாள். தரகர் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். இருக்கட்டும்மா, முதலில் வீட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டார். அடுப்படி பார்த்தார், கிணறு பார்த்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் முகத்தில் மாற்றமில்லை. கடைசியில் கொல்லையில் அந்த சிமெண்ட் வாய்க்காலைப் பார்த்து நின்றார்.

“இது என்னாது?”

“சாக்கடைங்கண்ணே,” என்றாள் அம்மா.

“சாக்கடைக்கு எதுக்கும்மா நடுவுல மேடு?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூட்டாளியைப் பார்த்தேன். கூட்டாளிக்கு வாய் சும்மா இருக்காது. அல்லாஹ் அவனுக்கு நல்ல மனசைக் கொடுத்து நாக்குக்கு மட்டும் பிரேக் வைக்க மறந்துவிட்டான். “ரேஸ் ரோடு மாமா,” என்று சொல்லிவிட்டு, மற்றதை ஒளித்துவைக்கும்போது தன் பையில் போட்டுக்கொண்டிருந்த சிவப்புக் காரை எடுத்துச் சரிவின் தலைப்பில் வைத்து உருட்டிவிட்டான். அது மேட்டில் ஏறி, முதல் வளைவில் திரும்பி, இரண்டாவது வளைவில் சீறி, முருங்கை மரத்தடியில் போய் நின்றது. அதோடு என் கல்யாணமும் போய் நின்றுவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா விடு.”

இன்னொரு தபா விட்டோம். அவர் காரைக் கையில் வாங்கி எடை பார்த்தார். இது காலி வண்டி, பாரம் இருந்தால்தான் இறக்கத்தில் வண்டி நிதானமாகப் போகும், இத்தனை வருஷம் டிப்பர் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா என்றார். ஈரக் களிமண்ணை உருட்டி அதன் முதுகில் அப்பினார். நான் அரிசி டிரம்முக்குள் கையைவிட்டு மஞ்சள் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அரிசி கொல்லை வரைக்கும் சிந்திக்கொண்டு வந்தது. போட்டி ஆரம்பித்தது. அவருடைய பார வண்டி முதல் வளைவிலேயே பல்டி அடித்துத் துளசிச் செடிக்குள் போய் விழுந்தது.

“ரோடு சரியில்ல,” என்றார்.

அடுத்ததில் களிமண்ணைக் குறைத்தார். மறுபடி பல்டி. வண்டி சரியில்லை என்றார். அப்புறம் என்னைத் தள்ளிவிட்டு மஞ்சள் காரை அவர் எடுத்துக்கொண்டார், சிவப்பை எனக்குக் கொடுத்தார். சிவப்பு ஜெயித்தது. கூட்டாளி கைதட்டினான். நான் தோற்றுக்கொடுக்க வேண்டிய நாளில் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவன் காதில் சொன்னேன். மாமன் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துவைக்கிற கல்லின் விளிம்பில் காரை நேராக வைத்துக் குறி பார்த்தார். அம்மா வடைத் தட்டோடு பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். மாமனின் வலது கை காரைப் பிடித்திருந்தது. இடது கை தானாக நீண்டு ஒரு வடையை எடுத்து வாயில் போட்டது. கண் காரை விட்டு அசையவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மஞ்சள் கார் இறங்கியது. மேடு, வளைவு, வளைவு, மரத்தடி. ஜெயித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு வடை எடுத்துப் பாதி கடித்தார். அப்போது அம்மா, தேன் ஒழுகுகிற குரலில், “அண்ணே, கேசரியும் கொஞ்சம் எடுத்துக்குங்க,” என்றாள்.

மாமன் அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த அரை வடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. துப்பிப் பிரயோஜனமில்லை, முதல் வடையை முழுங்கியாயிற்று. வாயில் இருந்ததை மென்றுகொண்டே யோசித்தார்.

“உப்பு ஒரு கல்லு தூக்கல்,” என்று சொல்லிவிட்டு மீதி அரை வடையையும் வாயில் போட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். இலையை எடுக்கத்தான். கூட்டாளி என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

மாமன் மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு டிரங்குப் பெட்டியை வெளியே இழுக்கச் சொல்லி, வண்டு எதுவென்று பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கிளம்பும்போது பச்சைக் காரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது கேட்டு வாங்கியதா, நான் கொடுத்ததா என்று இன்றுவரை எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. வாசலில் நின்று சொன்னார்:

“என்னப் பொறுத்தவரைக்கும் முடிஞ்சுது மாப்ள. ஆனா புள்ள இன்னும் ஒத்த வார்த்தை பேசல. தெருவுல எல்லாரும் ராகு காலத்துப் பொண்ணுன்னு கேலி பண்றாளுவோ. அதுகிட்ட நீங்களே கேட்டுக்குங்க.”

வடைக்கு மாமன் மசிந்தார். அந்தப் பெண்ணை எதைக் கொண்டு மசியவைப்பது? வாரம் முழுக்க அதே யோசனை. தாலி கட்டிக்கொள்ளப் போவது வடை தின்றவர் இல்லையே.

சனிக்கிழமை சாயங்காலம் டைம் ஆபீஸ் ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் வருகிற எல்லா முகத்தையும் பார்த்தேன். கண்டக்டர்களுக்கு முகம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலும் கறுப்பு டயல்காரர் நல்ல லட்சணமான மனிதர். கடைசியில் அந்தப் பெண் வந்தது, தோளில் பையோடு. ஊருக்கு மாறிப் போக வேண்டிய அரியலூர் வண்டிக்குப் போகாமல் நேராக ஜன்னலுக்கு வந்து நின்றது. சிரிக்கவில்லை.

நான் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, மனப்பாடம் செய்துவைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கடிகாரங்களை ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்காரரின் டின்னிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன், கார்களைக் கூட்டாளியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன், கொல்லையில் போட்ட ரோட்டைக் கடப்பாரையால் பெயர்த்துவிடுகிறேன், இனிமேல் யார் கையையும் பார்க்கமாட்டேன், பந்தியில் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டேன், நல்ல நாள் நல்ல நேரம் பார்த்து இன்னொரு தடவை ஊர் கூட்டிப் பூ வைக்கலாம், பேட்டரி கடிகாரமே வாங்கி வருகிறேன், ஒன்று நின்றாலும் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கி வருகிறேன், உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், எதுவும் சொல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள் என்று சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பின்னால் இரண்டு வண்டி நேரம் தாண்டி நின்றுகொண்டிருந்தன. கண்டக்டர்கள் சண்டை போடவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டது. பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, என் மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டிப் பக்கம் திரும்பி நடந்துகொண்டே சொன்னது:

“முகூர்த்தத்துக்கு மட்டும் வெறுங்கையோட வாங்க.”